சியோங்நு அரசன் கேட்ட சம்பந்தம்

சீனத்துக்கு வடக்கே ஆண்ட சியோங்நு இனத்தாரின் அரசன் இடுப்பில் வாளோடு அரசவைக்குள் வந்தான். சீனச் சக்கரவர்த்தியின் முன் வாளைக் கழற்றி வைத்துப் பணிவதாகத்தான் பேச்சு. அவன் வாளைத் தொடக்கூட இல்லை.

திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க நின்ற துர்க்கா கையில் இருந்த வசனத்தாளை இன்னொரு முறை பார்த்தாள். நாடகத்தை எழுதியவள் அவள்தான். அரசன் ஹூஹான்யேயாக நின்றவர் அவளுடைய அப்பா குலசிங்கம். சக்கரவர்த்தி, இராசரத்தினம் அங்கிள்.

இருவரும் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்து பழைய மாணவர் சங்கத்தை இரண்டாக உடைத்த பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. பள்ளிக்கூட விழாவுக்கென்று இந்த ஒரு நாடகத்தில் மட்டும் சேர்ந்து நடிக்க ஒத்துக்கொண்டார்கள். ஊர்க்கதை எழுதினால் தங்களைத்தான் குத்துகிறாள் என்று இரண்டு பக்கமும் கிளம்பும். அதனால் பல்கலைக்கழகத்தில் படித்த சீனத்துக் கதையை எடுத்தாள். சொந்தத் தமையனோடு அடிபட்டுப் பாதி நாட்டை இழந்த ஹூஹான்யே, சீன அரசவைக்கு நேரில் வந்து பெண் கேட்டு, எல்லையில் சண்டை இல்லாமல் ஆண்ட கதை.

ஒத்திகையில் அப்பா ஒரு நாளும் பணியவில்லை. "உவனுக்கு முன்னாலை நான் முழங்கால் போடவோ? விசர்க்கதை கதையாதை!"

இன்று பின்னேரம் அதைவிடப் பெரிய இடி. இராசரத்தினத்தின் மகன் வினோதன் துர்க்காவின் போனுக்கு அடிக்க, அப்பா எடுத்துவிட்டார். துர்க்கா என்று நினைத்து அவனும், "எங்கடை விசயத்தை ரெண்டு வீட்டிலையும் எப்ப சொல்லுறது?" என்று கேட்டுத் தொலைத்தான்.

பக்கத்தில் நின்ற துர்க்காவுக்கும் அது கேட்க, அப்பா போனை வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். துர்க்காவுக்கு எல்லாம் முடிந்த மாதிரித்தான். யாழ்ப்பாண வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர்தான் மாப்பிள்ளை வீட்டுப் படியேறிக் கேட்க வேண்டும். அப்பாவோ இராசரத்தினம் இருக்கிற தெருவால் கார்கூட ஓட்டமாட்டார்.

மண்டப வாசலில் அப்பா கேட்டார். "உவன் வினோதன் வந்திருக்கிறானோ?"

"ஓம் அப்பா. முன் வரிசையிலை."

"நல்லது. இருக்கட்டும்."

இப்போது மேடையில் மரம் மாதிரி நிற்கிறார். "மன்னர் மன்னா, தங்கள் மகளை எனக்கு..." என்று துர்க்கா மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அவர் காதில் விழுந்தது, ஆனால் வாங்கவில்லை. மறுபடியும் சொன்னாள். சபை கசமுசா என்றது.

இராசரத்தினத்தின் ஒட்டுத் தாடி ஆடியது. "சொல்லுமன் ஐசே, சனம் பாக்குது," என்று பல்லைக் கடித்தார்.

அப்பா சரக்கென்று வாளை உருவினார். ஐயோ, இத்தனை பேருக்கு முன்னால் வினோதன் வீட்டு மானத்தை வாங்கப் போகிறார்! திரையை இழுத்து மூட துர்க்கா கயிற்றில் கை வைத்தாள்.

தகர வாள் சக்கரவர்த்தியின் காலடியில் போய் விழுந்தது. பின்னாலேயே அப்பா முழங்காலில் நின்றார். இராசரத்தினம் சிம்மாசனத்தை விட்டுப் பாதி எழும்பிவிட்டார்.

நாடகத் தமிழை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அப்பா சொன்னார்:

"மச்சான், எனக்குப் பொம்பிளை வேண்டாம். என்ரை பிள்ளைக்கு உன்ரை மகனைத் தா."