வில்லைத் தொட மாட்டேன்

“வில்லை எடு, ஜெபா.”

“மாட்டேன், மாஸ்டர்.”

கொயரில் நின்ற அத்தனை பேரும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கிருபாகரன் மாஸ்டரை எதிர்த்துப் பேசிய ஆள் அந்தச் சர்ச்சில் கிடையாது. அவருடைய தனிப்பாட்டு இல்லாமல் ஆவடி குவார்ட்டர்ஸில் கிறிஸ்துமஸே விடியாது என்பது, முக்கியமாக, அவருடைய அபிப்பிராயம்.

அந்தப் பாட்டுக்கு வயலின் மட்டும்தான் துணை. மற்ற பாட்டுக்கெல்லாம் வில்லால் இழுத்து ஊரையே உருக்குகிற ஜெபா, இதற்கு மட்டும் வில்லை ஓரமாக வைத்துவிட்டுத் தந்திகளை விரலால் சுண்டிக்கொண்டிருந்தாள்.

“நான் உருகிப் பாடிகினு கீறேன். நீ மெத்தைக்குப் பஞ்சு அடிக்கிற மாதிரி டொய்ங் டொய்ங்னு தட்டுற. சபையில சிரிக்க மாட்டாங்க?”

“சிரிச்சா என்னப் பாத்துதான் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.”

“நாளைக்கு ஆராதனை. கடைசியா சொல்றேன். வில்லை எடு, இல்லேன்னா கெளம்பு!”

ஜெபா சர்ச் வயலினை மேசைமேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

“கெளம்பறேன். ஆனா இந்தப் பாட்டுக்கு வேற யாரையும் வில் போட உடாதீங்க.”

“பாத்தியா திமிர!” கிருபாகரனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாசலைத் தாண்டுவதற்குள், கிடார் வாசிக்கும் இளங்கோவைக் கூப்பிட்டார்.

“உனக்கு வயலினும் வரும்ல? வா. வில்லால வாசி.”

இளங்கோ தயங்கித் தயங்கி வந்து வில்லை எடுத்தான்.

கிருபாகரன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நீட்ட வேண்டிய இடம் வந்தது. நீட்டினார். வயலினும் கூடவே நீண்டது. ஆனால் எங்கேயோ இடித்தது. சட்டென்று நிறுத்தினார்.

“யோவ், எதுக்குய்யா சுருதிய ஏத்துற?”

“நான் ஏத்தல, மாஸ்டர்.”

“அப்போ இன்னாது இது?”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்க கொரல்தான் எறங்குது, மாஸ்டர். போன வருசத்துலேந்தே.” இளங்கோ வில்லைக் கீழே வைத்தான். “வில்லால இழுத்தா சத்தம் அப்டியே நிக்கும். நீங்க எறங்குறது சபைக்கே தெரிஞ்சிடும். சுண்டினா ஒடனே அடங்கிடும். அதுக்குத்தான் ஜெபா உங்ககிட்ட இத்தினி நாளா திட்டு வாங்கிகினு கீது.”