ஓரம் மட்டும் பாக்கி

"ஓரத்தை மட்டும் நீ தைச்சுக் குடுத்துடு அக்கா. மூலை மடிக்கிற வித்தை எனக்கு வரல" என்று டார்லா துணியை என் மடியில் போட்டாள்.

குளிருக்கு விறகு எரிக்கிற கணப்புக்கு மேலே இருக்கிற மேடைக்குப் போடுகிற விரிப்பு. இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்தது. முன்பக்கம் வரிசையாக முக்கோணங்கள் தொங்கும், நுனிக்கு நுனி குஞ்சம் ஆடும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் ஊரில் இது இல்லாத கணப்பைப் பார்க்க முடியாது.

"நானே தைச்சேன். உனக்காக."

அப்போதே எனக்கு உறுத்தியது.

டார்லா என் தங்கை. டொலிடோ நகரத்தில் இருக்கிறாள். பொத்தான் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிற ரகம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடுகிறவள், நவம்பர் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு, சுடச்சுட லவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் வாயில் ஒரே பாட்டுதான். வீட்டை விற்றுவிடலாம், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல முதியோர் இல்லம் இருக்கிறது, வந்துவிடு என்று. செத்தாலும் இந்த வீட்டில்தான் சாவேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பாதி வீடு அவள் பேரில் இருக்கிறது. அப்பா செய்துவைத்துப் போன வேலை.

விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதில் என்ன சூது? வீடு பார்க்க ஆள் கூட்டி வரப்போகிறாளா? கூடம் லட்சணமாகத் தெரியட்டும் என்று இப்போதே சோடிக்கிறாளா? கணப்பு மேடையில் இருக்கிற விரிசலை மறைக்கவா?

"என்னக்கா, போலி நோட்டைப் பாக்குற மாதிரி பாக்குற?"

"தையலப் பாக்கறேன்டி. பரவால்லையே, தேறிட்டியே!"

சிரித்தாள். காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள், குடிக்காமலே மறுபடி எடுத்தாள்.

"பிடிச்சிருக்காக்கா?"

குரல் கம்மிப்போயிருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிஜமாகவே ஆசை ஆசையாகத்தான் செய்தாளோ? இருக்கிற ஒரே தங்கை. விரல் எத்தனை இடத்தில் பொத்தலாச்சோ. அவளைப் போய்ச் சந்தேகப்படுகிறேனே, நான் என்ன ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கண்ணாடியை மாட்டி ஊசியில் நூல் கோத்தேன். ஓரப்பட்டியைப் பின்பக்கமாக மடித்துத் தைக்க ஆரம்பித்தேன்.

முதல் முக்கோணம் முடிந்தது. இரண்டாவதில் ஊசி நின்றது.

தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கைக்காரி போட்ட தையல் அது. டார்லாவுக்கு வலது கைப் பழக்கம். எங்கள் சர்ச்சில் இடது கையால் தைக்கிறவள் மேவிஸ் ஒருத்திதான்.

அடுத்த முக்கோணத்தில் பொடிப்பொடியாக, அளந்து போட்ட மாதிரித் தையல். பாதிரியார் மனைவி ஹெலனைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அதற்கடுத்தது கோணல்மாணல். பக்கத்து வீட்டுப் பெக், கண்புரைக்கு ஆபரேஷன் வேண்டாமென்று அடம் பிடித்துக்கொண்டிருக்கிறவள்.

வியாழக்கிழமை தவறாமல் சர்ச்சின் கீழறையில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தைக்கிறவர்கள் நாங்கள். ஒருத்தி தையல் இன்னொருத்திக்குத் தெரியாமல் இருக்காது. விரிப்பில் ஒவ்வொரு முக்கோணமும் ஒவ்வொருத்தி கை.

போன வாரம் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கப்சிப்பென்று ஆனார்களே, இதற்குத்தானா? மேவிஸ் எதையோ இழுத்து மடியில் மறைத்தாள். நான் கொண்டுபோன கேக்கைத்தான் குறை பேசியிருக்கிறார்கள் என்று வீடு வருகிற வரைக்கும் பொருமினேன்.

எங்கள் கூட்டத்தில் அவரவர் துணியை அவரவர்தான் தைப்போம். எல்லோர் கையும் ஒரே துணியில் சேர்வது ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். அதுவும் முடித்துக் கையில் கொடுக்கிற வரைக்கும் உரியவளிடம் மூச்சு விடக்கூடாது. பெர்னிஸை அவள் மகன் அரிசோனாவுக்குக் கூட்டிப்போனபோது அவளுக்குக் கொடுத்த போர்வையில் நானும் ஒரு கட்டம் தைத்தேன்.

ஊரை விட்டுப் போகிறவளுக்காக.

டார்லா எங்கள் கூட்டத்து ஆள் இல்லை. ஓரத்தைத் தைக்கிற வேலை அவள் பங்குக்கு வந்திருக்கும். பாவி மகள், தைக்கத் தெரியாமல், போகப்போகிறவளிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

ஆக, எல்லோருக்கும் தெரியும். பெக்கிற்குத் தெரியும், இன்று காலைகூட வேலியருகே நின்று என்னோடு பனியைப் பற்றிப் பேசினாளே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"டார்லா, இது இந்த வீட்டுக் கணப்புக்குத் தைச்சதா?"

அவள் நிமிரவில்லை. காபியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்கயும் கணப்பு இருக்குக்கா. கரண்ட்ல எரியுற மாதிரி. புகையே வராது."