சீமெண்ணெய் வாடை

"இந்தத் தகரக் குவளை யாரோடது?" என்று கேட்டாள் சிவகாமி.

மெட்ராஸில் எம்.ஏ. படிப்பவள். லீவுக்கு வந்த இடத்தில், ஆலங்குடி ரோட்டுப் பட்டறையில் அப்பச்சி வாங்கிப்போட்ட மெஷினைப் பார்க்க வந்திருந்தாள். கண் மட்டும் ஆணியில் தொங்கிய குவளையை விட்டு நகரவில்லை.

அப்பா நாச்சியப்பன் காதில் வாங்காதவர்போல மெஷினைக் காட்டினார்.

"இந்த இரும்புக் கட்டி மூணு அங்குல கனம், ஆத்தா. பதம் போட்ட எஃகு. எந்த டிரில்லும் ஏறாது. இந்தச் செப்புத் துண்டு கிட்டக்கப் போய் நிக்கும், அம்புட்டுத்தான். நடுவுல தலைமுடி அளவு இடைவெளி. அதுல கரண்டு பொறி பொறியாத் தெறிச்சு இரும்பை அரிச்சு எடுத்துரும். எல்லாம் இந்தத் தொட்டியில சீமெண்ணெய்க்குள்ள முங்கவச்சு. செம்பு இரும்பைத் தொட்டுச்சோ, வேலை கெட்டுப்போகும்."

"தொட்டா கெட்டுப்போறது மெஷின் மட்டுந்தானா, அப்பச்சி?"

பக்கத்தில் நின்ற மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். பட்டறையில் அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். பொறிச் சத்தத்தை வைத்தே இடைவெளியைச் சொல்லிவிடுவான்.

"ஓட்டிக் காட்டுங்களேன்" என்றாள் அவனிடம்.

"சீமெண்ணெய் டிரம் வரணுங்க, ஆச்சி. பெர்மிட்டுக்குக் காத்திருக்கோம்."

டீ வந்தது. எல்லாருக்கும் கிளாஸ். மலையாண்டி மட்டும் ஆணியிலிருந்து குவளையை எடுத்தான்.

"அவருக்கு மட்டும் ஏன் தகரம்?"

"சீமெண்ணெய்ல கையை விட்டு வேலை பாக்குறவன். கிளாஸ்ல வாடை ஏறிரும். வேற ஒண்ணுமில்லை" என்றார் நாச்சியப்பன்.

சிவகாமி லேத்துப் பக்கம் திரும்பினாள். "பெரியண்ணன், நீங்க அரத்தை எதுல கழுவுறீங்க?"

லேத் ஓட்டும் பெரியண்ணன் தன் கிளாஸைப் பார்த்தார். "சீமெண்ணெய்லதான்."

"அப்ப வாடை ஆளைப் பார்த்துத்தான் ஏறுமா? தீண்டாமை கூடாதுன்னு சட்டம் போட்டுப் பதினாலு வருஷமாச்சு. புதுக்கோட்டைக்கு இன்னும் தபால் வரலையாக்கும்."

"சட்டம் மெட்ராஸ்ல இருக்கட்டும்" என்றார் பெரியண்ணன். "அவன் எங்க கிளாஸைத் தொட்டா நான் வேற பட்டறை பாத்துக்கிறேன்."

மலையாண்டி குறுக்கே வந்தான். "விடுங்க, ஆச்சி. எதுல குடிச்சாலும் தொண்டைக்குள்ளதான் போகுது. நீங்க மெட்ராஸ் போயிருவீங்க. நான் இங்கனதான் பொழைக்கணும்."

விடுகிற ஆளா அவள்?

மறுநாள் காலை கீழ ராஜ வீதியில் ஆறு புதுக் கிளாஸ் வாங்கிவந்து மேஜையில் வரிசையாக வைத்தாள். தகரக் குவளையைத் தூக்கிக் கழிவிரும்புக் குவியலில் எறிந்தாள். பிறகு பெரியண்ணனோடு முக்கால் மணி நேரம் வாதாடினாள். "உங்க வீட்டுக் கிணத்தைத் தோண்டுனது யாரு? அந்தத் தண்ணியை மட்டும் எப்படிக் குடிக்கிறீங்க?" என்று கேட்டதில் அவர் மடங்கினார். வேறு பட்டறைப் பேச்சை எடுக்காமல் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார்.

மலையாண்டியும் எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தான்.

"நம்ம பட்டறை டீ இம்புட்டு வெளுப்பா இருக்கும்னு இன்னைக்குத்தாங்க தெரியுது."

நாச்சியப்பன்கூடச் சிரித்துவிட்டார். "ஜெயிச்சுட்டே, ஆத்தா."

"பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோச்சு. கொஞ்சம் தண்ணி" என்றாள் சிவகாமி.

மலையாண்டி முந்திக்கொண்டு ஓடினான். சோப்புப் போட்டுக் கை கழுவினான். தான் குடித்த கிளாஸை மூன்று தரம் அலசினான். பானையிலிருந்து நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

தலைமுடி அளவு இடைவெளி. கிளாஸ் அங்கேயே நின்றது.

மெல்ல மேஜையில் வைத்தாள்.

"வேண்டாம். லேசா சீமெண்ணெய் வாடை வருது."

பெரியண்ணன் இருமினார். நாச்சியப்பன் மெஷின் பக்கம் பார்த்தார்.

மலையாண்டி கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"டிரம் இன்னும் வரலைங்க, ஆச்சி" என்றான். "தொட்டி காஞ்சு நாலு நாளாச்சு."