உரியவருக்கு மட்டும்

“பெட்டியை வாங்கியாச்சுல்ல, இன்னும் ஏன் நிக்கிறீங்கண்ணே?”

நர்ஸ் கேட்டதும் டிரைவர் தொப்பியைக் கழற்றினார். நான்கு வருடங்களாக ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்குக் குளிர்பெட்டிகளைக் கொண்டுவருகிறவர். பெட்டியை நீட்டுவார், கையெழுத்து வாங்குவார், கிளம்பிவிடுவார். இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்குள்ள என்னதாம்மா இருக்கு? இத்தனை நாளா சுமக்குறேன், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல.”

“புராஸ்டேட் புற்றுநோய்க்கான தடுப்பூசி.”

“தடுப்பூசின்னா நோய் வராம இருக்கத்தானே? வந்தப்புறம் எதைத் தடுக்கப் போறீங்க?”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியைத் திறந்து மருந்துப் பையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நம்ம ரத்தத்துல காவல் காக்குற செல்லுங்க இருக்கு. புற்றுநோய் நம்ம உடம்புலயே முளைச்சதால, அதைச் சொந்தக்காரன்னு நெனச்சு விட்டுடுதுங்க. அதுகளை வெளிய எடுத்து, லேப்ல வெச்சு, ‘இவன் எதிரி, நல்லாப் பாத்துக்கோ’ன்னு பழக்கி, திரும்ப அதே நோயாளி உடம்புக்கே அனுப்புறாங்க.”

“எங்க வீட்டுல ஒரு மச்சான் வந்து ஆறு மாசமா உக்காந்திருக்கான். அவனுக்கும் இப்படி ஏதாவது ஊசி இருக்கா?”

இருவரும் சிரித்தார்கள். டிரைவர்தான் முதலில் நிறுத்தினார்.

“வலிக்குமா?”

“ஊசி குத்துற வலிதான். மருந்து ஏற ஒரு மணி நேரம் ஆகும். குளிர் நடுக்கம், காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“நோய் முழுசாப் போயிடுமா?”

“அப்படிப் பொய் சொல்ல மாட்டேண்ணே. ஆனா சில பேருக்கு ஆயுசு கூடுது. இங்க ஊசி போட்டுக்கிட்ட ஒருத்தர், பேத்தியைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டு நேரா இங்க வந்து மிட்டாய் குடுத்துட்டுப் போனாரு.”

டிரைவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கிய நீர்போல ஏதோ இருந்தது. அவ்வளவுதான்.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். “பதினொண்ணரை ஆச்சு. பன்னெண்டுக்குள்ள ஏத்த ஆரம்பிக்கணும். ஊசி போட்டுக்க வேண்டிய மனுஷனை இன்னும் காணோம்.”

“வரலேன்னா?”

“குப்பைதான்.”

“அடுத்த கட்டில்ல இருக்குறவருக்குப் போடக் கூடாதா? வீணாப் போகுதே.”

“இது இவரோட செல்லுண்ணே. இவரைத் தவிர வேற யாருக்கும் உதவாது.”

“பயந்திருப்பாரும்மா. வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போயிடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருப்பாரு.”

“எங்க நின்னு யோசிச்சாலும் சரி, நான் விடப் போறதில்ல.”

பையின் மேலிருந்த பெயரைக் கோப்போடு ஒப்பிட்டுவிட்டு, அதிலிருந்த எண்ணை மேஜைத் தொலைபேசியில் அழுத்தினாள்.

டிரைவரின் சட்டைப் பையிலிருந்து மணி அடித்தது.

நான்கு வருடங்களாக ‘அண்ணே’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவள், கோப்பிலிருந்த பெயரை மறுபடி ஒருமுறை படித்தாள்.

டிரைவர் போனை எடுக்கவில்லை. சீருடையின் கைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வேற ஆளுகிட்ட குடுத்தனுப்ப மனசு வரல. அதான் நானே ஓட்டிட்டு வந்தேன். எந்தக் கட்டில்ம்மா?”