வேண்டாத தோல்

"உன் கையால எனக்குப் பரிமாற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பெரிய மருமகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சின்ன மருமகள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக்கூடத்தில். களிம்பு, பூச்சி மருந்து, தரை கழுவும் திரவம் என்று எது கடைக்கு வருவதானாலும், அதிலுள்ள ரசாயனம் தோலை அரிக்குமா, எரிக்குமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். முயலின் முதுகில் முடியை மழித்து, ரசாயனத்தைத் தடவி, கட்டுப் போட்டு, தோல் சிவக்கிறதா தடிக்கிறதா என்று கவனிப்பாள். எதற்கோ அவள் செல்போனை வாங்கிய பெரியவள் கண்ணில் அந்தப் படங்கள் பட்டுவிட்டன.

"நான் செய்யலைன்னா வேற யாராவது செய்வாங்கக்கா" என்றாள் சின்னவள். "உங்க அலமாரியில இருக்கிற களிம்பு எல்லாம் ஏதோ ஒரு முயல் முதுகு வழியாத்தான் வந்திருக்கும்."

பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. அடுப்படிக்குள் ஒருத்தி வந்தால் இன்னொருத்தி வெளியே போனாள். அண்ணனும் தம்பியும் நடுவில் மாட்டிக்கொண்டு, உப்பு எங்கே என்று கேட்கக்கூட யோசித்தார்கள்.

சின்னவளுக்கு மட்டும் அந்த வேலை இனித்ததா என்ன? கட்டை அவிழ்க்கும்போது முயல் கத்தாது. காதை மடக்கிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒண்டிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு வருகிற நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால்தான் மேலதிகாரியிடம் மன்றாடி வேறு ஒரு வழியை முயன்றுகொண்டிருந்தாள். ஆபரேஷனில் வெட்டி எடுத்துக் குப்பைக்குப் போகிற தோலிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, கிண்ணத்தில் மெல்லிய தோலாக வளர்த்து, அதன்மேல் ரசாயனத்தைச் சோதிப்பது. முயலே வேண்டாம். தோல் நன்றாகத்தான் வளர்ந்தது. கொடுக்கத்தான் ஆளில்லை.

பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் கையை விரித்துவிட்டாள். "வேண்டாத தோல்தான். ஆனா கொடுக்கிறீங்களான்னு கேட்டா, உயிரையே கேட்ட மாதிரி பார்க்கிறாங்க. ஒருத்தரும் சம்மதிக்க மாட்டேங்குறாங்க."

மேலதிகாரியும் பொறுத்துப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் தோல் வராவிட்டால், பழையபடி முயலுக்குச் சொல்லிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

அன்று மாலை கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சின்னவள் அழுதாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, பெரியவள் அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குக் கிளம்பினாள். ஹெர்னியா என்கிற குடலிறக்கம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. பிள்ளை பெற்றுத் தொங்கிப்போன வயிற்றுத் தோலையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என்ன இருந்தாலும் வீட்டு மனுஷி. சின்னவள் லீவு போட்டுவிட்டு, துணைக்குப் போகப் பையோடு வாசலுக்கு வந்தாள். பெரியவள் ஆட்டோவில் ஏறப்போனவள் திரும்பினாள்.

"நீ வர வேண்டாம். அப்புறம் பார்க்கவும் வராதே."

ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில்கூடவா இந்த வீம்பு என்று அவள் புருஷனே முணுமுணுத்தான். சின்னவள் பையை உள்ளே வைத்துவிட்டு, லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குளிர்பெட்டி வந்தது. உள்ளே தோல். மறுநாள் இன்னொன்று வந்தது. அதற்கப்புறம் வந்தபடியே இருந்தது. பரிசோதனைக்கூடத்தில் யாராலும் நம்ப முடியவில்லை. கிண்ணம் கிண்ணமாகத் தோல் வளர்ந்தது. மேலதிகாரி தானே போனை எடுத்து, இப்போதைக்கு முயல் அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். சின்னவளுக்கு அன்று மதியச் சாப்பாடு வயிறாரப் போனது.

நர்ஸுக்கு நேரில் நன்றி சொல்லாவிட்டால் மனசு ஆறாது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெரியவள் படுத்திருக்கும் வார்டுப் பக்கம் மட்டும் போய்விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் சிரித்தாள். "எனக்கு எதுக்கு நன்றி? கொடுத்தவங்க பேரை நான் சொல்லக் கூடாது. பேசிச் சம்மதிக்க வச்சவங்களைக் காட்டலாம். ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா. எழுந்து நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்க பக்கத்துல போய் உட்கார்ந்துடறாங்க. 'முயல் படுற பாட்டைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு சோறு இறங்காம கிடக்கா. அதை மாத்தணும்னு தனியாளா போராடுறா. குப்பைக்குப் போற தோலை அவளுக்குக் கொடுத்தா என்ன?'ன்னு கேக்குறாங்க. டாக்டர் சொல்லி மசியாதவங்க எல்லாம் இவங்க சொல்லி மசியறாங்க."

நர்ஸ் காட்டிய வார்டுக் கதவருகே சின்னவள் நின்றாள்.

யாரோ ஒரு பெண்ணின் கட்டிலருகே, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் பெரியவள்.

"அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மெதுவாக நடந்து வந்து, அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போய்த் தணிந்த குரலில் கடிந்துகொண்டாள்.

"உன்னை வராதேன்னுதானே சொன்னேன்? நீ என் தங்கச்சின்னு தெரிஞ்சா, வீட்டு மனுஷிக்காகக் கேக்குறேன்னு நினைச்சுக்குவாங்க. சீக்கிரம் கிளம்பு, எனக்கு இன்னும் ரெண்டு கட்டில் பாக்கி இருக்கு."