இடம் கேட்ட இரண்டு பன்மைகள்

அரபு அகராதியில் இடம் கேட்டு இரண்டு பன்மைச் சொற்கள் தொகுப்பாசிரியர் ஜுல்பிகாவின் மேஜைக்கு வந்தன.

“நான் முஅல்லிமூன், ஆசிரியர்கள். முஅல்லிம் என்ற ஒருமையோடு ‘ஊன்’ மட்டும் சேர்த்துக்கொண்டேன். ஒருநாளும் விதியை மீறியதில்லை,” என்றது முதல் சொல்.

மற்றது தயங்கியது. “நான் குதுப், புத்தகங்கள். கிதாப் என்ற ஒருமையை உள்ளுக்குள்ளேயே உடைத்துவிட்டேன். எனக்கு எந்த விதியும் ஒத்துவரவில்லை, அம்மா.”

ஜுல்பிகா குதுப்பை மட்டும் எழுதிக்கொண்டார்.

“அப்போ நான்?” என்றது முஅல்லிமூன்.

“விதி தெரிந்தவர்கள் உன்னைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வார்கள். இது அப்படியில்லை. எழுதி வைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.”

முஅல்லிமூனுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனது.