நடுவீட்டுக் குமிழி

ஒரு கத்திரி இலையின் செல்லுக்குள், வெயிலை வைத்துச் சமைக்கும் பசுங்கணிகம் ஒன்று இருந்தது. நடுவீட்டில் தண்ணீர்க் குமிழி உப்பிக் கிடந்து, அதைச் செல்சுவரோடு நெருக்கியது.

“தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வீட்டையே அடைச்சுக்கிட்டுக் கிடக்குறே! கொஞ்சம் ஒடுங்கேன்!” என்று கத்தியது பசுங்கணிகம்.

“சரிங்க,” என்றது குமிழி.

அன்று செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மத்தியானத்துக்குள் குமிழி சுருங்கிப்போனது. பசுங்கணிகம் ஜோராகக் காலை நீட்டியது. ஆனால் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் சுவர் தளர்ந்தது. இலை தொங்கி, இன்னொரு இலையின் நிழலுக்குள் போய்விட்டது. அடுப்பு அணைந்தது.

ஒருவழியாகத் தண்ணீர் வந்தது. இலை நிமிர, குமிழி உப்பிக்கொண்டே, “இடிக்குதாங்க?” என்று பயந்து பயந்து கேட்டது.

சுவரோடு நசுங்கியபடி பசுங்கணிகம் சொன்னது: “எங்கே இடிக்குது? இன்னும் கொஞ்சம் குடி.”